பங்கீட்டில் எது நியாயம்? பொது முடிவுகளுக்கான ஐந்து நீதிக் கோட்பாடுகள்: ஓர் ஒப்பீடு

பொது நிதியைப் பங்கிடும் பொறுப்பிலோ, அதைப் பற்றி வாதிடும் நிலையிலோ இருக்கும் வாசகர்கள் பலர் ஒரே சிக்கலை வெவ்வேறு வடிவங்களில் முன்வைக்கிறார்கள். மருத்துவ நிதி குறைவாக இருக்கும்போது அதிகம் பேருக்குப் பயன்படும் சிகிச்சைக்குக் கொடுப்பதா, மிக மோசமான நிலையில் இருக்கும் சிலருக்குக் கொடுப்பதா? உதவித்தொகையை எல்லோருக்கும் தருவதா, தகுதி பார்த்துத் தருவதா? உழைத்துச் சேர்த்த சொத்தின்மீது வரி விதிப்பது எந்த அளவுக்குச் சரி? இவற்றுக்கு விடை தேடிப் போகிறவர், ஒன்றையொன்று மறுக்கும் கோட்பாடுகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறார். அந்தக் கோட்பாடுகளில் ஐந்தை எடுத்துக்கொண்டு, எந்த முடிவுக்கு எது பொருந்தும், எதை ஏற்றால் யார் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை இங்கே பார்க்கலாம்.

## எடைபோட நான்கு அளவுகோல்கள்

முதலாவது, கோட்பாடு எதை அளக்கிறது என்பது: மனநிறைவையா, வருமானத்தையா, சொத்து வந்த வழியையா, மனிதரால் எதைச் செய்ய இயல்கிறது என்பதையா? இரண்டாவது, யாருடைய இழப்பை அது அனுமதிக்கிறது என்பது. எந்தக் கொள்கையிலும் யாரோ ஒருவர் இழக்கிறார். அந்த இழப்பு எந்தக் காரணத்தால் ஏற்கத்தக்கதாகிறது என்று கோட்பாடு சொல்லியாக வேண்டும். மூன்றாவது, அதை நடைமுறைப்படுத்த எவ்வளவு தகவல் வேண்டும், அந்தத் தகவலைத் தரும் சுமை யார்மீது விழுகிறது என்பது. நான்காவது, இழப்பவரை நேருக்கு நேர் பார்த்து அந்தக் காரணத்தைச் சொல்ல முடியுமா என்பது.

பாடநூல்கள் முதல் இரண்டை விரிவாக அலசுகின்றன. மூன்றாவதைப் பெரும்பாலும் நிர்வாகச் சிக்கல் என்று ஒதுக்கிவிடுகின்றன. ஆனால் நடைமுறையில் ஒரு கோட்பாட்டின் நியாயத்தைத் தீர்மானிப்பதில் இதற்கே அதிகப் பங்கு உண்டு என்பது என் கருத்து. ஆதாரம் காட்டு என்று யாரிடம் கேட்கிறோமோ, அவரிடம் ஆதாரம் இல்லாதபோது இழப்பு அவருடையதாகிவிடுகிறது.

ஐந்தையும் ஒரே சோதனைக்கு உட்படுத்த, பொருளியலாளர் ஆர்தர் ஓக்கன் 1975-இல் முன்வைத்த ஓட்டை வாளி உதவும். செல்வரிடமிருந்து ஏழைக்குப் பணத்தை ஒரு வாளியில் கொண்டுபோகிறோம். நிர்வாகச் செலவாலும், வரியால் உழைக்கும் ஊக்கம் குறைவதாலும் வழியில் ஒரு பகுதி ஒழுகிவிடுகிறது. எவ்வளவு ஒழுகும்வரை வாளியைச் சுமக்கலாம் என்பது கேள்வி.

## 1. பயன்பாட்டுவாதம்: மொத்த நலனைக் கூட்டு

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜெரமி பெந்தாம் 1789-இல் வகுத்துத் தந்த இந்த வழியில், ஒவ்வொருவருடைய நலனும் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. பிரபுவின் வலிக்குத் தனி மதிப்பு கிடையாது. மொத்தத்தில் அதிக நலனைத் தரும் முடிவே சரியானது. செல்வருக்குச் சாதகமான கோட்பாடு என்று இதைச் சிலர் கருதுவது தவறு. குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியின்படி, கூடுதலாக வரும் ஒரு ரூபாய் இல்லாதவருக்குத் தரும் நலன், இருப்பவருக்குத் தருவதைவிட அதிகம். நலன் வருமானத்தின் மடக்கையைப் போல உயர்கிறது, அதாவது வருமானம் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் நலன் ஒரே அளவு கூடுகிறது என்று கொண்டால், பத்தில் ஒரு பங்கு வருமானம் உள்ளவருக்கு அந்த ரூபாய் பத்து மடங்கு மதிப்புடையது. அப்படியானால் வாளியில் பத்தில் ஒன்பது பங்கு ஒழுகும்வரை அதைச் சுமப்பதில் நட்டமில்லை.

இந்தக் கணக்கை அரசுகளும் கையாள்கின்றன. திட்டங்களை மதிப்பிட பிரிட்டன் கருவூலம் வெளியிட்டுள்ள வழிகாட்டி, வருமானத்துக்கேற்ப நலனை எடையிட 1.3 என்ற குணகத்தைப் பரிந்துரைத்திருக்கிறது. அதன்படி, இடைநிலை வருமானத்தில் பாதி மட்டும் உள்ளவருக்குக் கிடைக்கும் ஒரு பவுண்டு, இடைநிலை வருமானம் உள்ளவருக்குக் கிடைக்கும் சுமார் இரண்டரை பவுண்டுக்குச் சமம் (இரண்டின் 1.3-ஆம் அடுக்கு).

மறைந்திருக்கும் செலவு, இந்த எடைகளைக் கைவிடும்போது வெளிப்படுகிறது. எடையிடாத செலவு–பயன் பகுப்பாய்வில், ஒருவர் ஒன்றுக்காக எவ்வளவு கொடுக்கத் தயார் என்பதே பயனின் அளவு. கொடுக்கத் தயாராக இருப்பது, கையில் இருப்பதைப் பொறுத்தது. வெள்ளத் தடுப்புச் சுவரை எங்கே கட்டுவது என்று சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிட்டால், விலையுயர்ந்த வீடுகள் நிற்கும் கரைக்கே சுவர் போகும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பொருளியலாளர்கள் நிக்கோலஸ் கால்டரும் ஜான் ஹிக்ஸும் 1939-இல் முன்வைத்த அளவுகோலின்படி, ஒரு திட்டத்தால் ஆதாயம் பெறுபவர்கள் இழப்பவர்களுக்கு ஈடுகட்டிவிட்டு மிச்சமும் வைத்துக்கொள்ள முடியும் என்றால் திட்டம் மேலானது. ஈட்டுத்தொகையை உண்மையில் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. இடம்பெயர்க்கப்பட்ட ஒரு குடும்பத்திடம், ‘உங்களுக்கு ஈடுகட்டியிருக்க முடியும் என்பதால் இது நியாயம்’ என்று சொல்ல யாருக்கு நா எழும்? நான்காவது அளவுகோலில் இந்த வடிவம் தோற்றுவிடுகிறது.

சிறு நன்மைகளைக் கூட்டிக்கொண்டே போனால் பெருந்துன்பத்தையும் அவை மூடிவிடும் என்பதும் உண்மை. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் எந்தச் சிகிச்சைகளைச் சேர்ப்பது என்று செலவு–பயன் அடிப்படையில் 1990-இல் தயாரித்த முதல் பட்டியலில், பல்லுக்கு உறை போடுவது குடல்வால் அறுவை சிகிச்சைக்கு மேலே இடம்பிடித்தது. பல் உறை மலிவு. ஒரு நோயாளியின் உயிர்காக்கும் செலவில் பலருக்குப் பல் உறை போடலாம். கணக்கின் தர்க்கம் இதுதான், ஆனாலும் அந்த வரிசையை ஏற்க முடியாமல் மாநிலம் அந்த முறையையே மாற்றிக்கொண்டது. திருத்திய திட்டத்தையும், மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாடு என்ற காரணம் காட்டி 1992-இல் கூட்டாட்சி அரசு முதலில் நிராகரித்தது. மேலும் திருத்தங்கள் செய்த பிறகு 1993-இல் ஒப்புதல் தந்தது.

பயன்பாட்டுவாதம் சிறப்பாகப் பொருந்துவது, இழப்புகள் சிறியவையாகவும் பரவலாகவும், காலப்போக்கில் எல்லோர்மீதும் மாறிமாறி விழுபவையாகவும் உள்ள இடங்களில்: சாலைப் பாதுகாப்புக்கு எந்தச் சந்திப்பை முதலில் சீரமைப்பது, தடுப்பூசிகளை எந்த வரிசையில் வாங்குவது போன்றவை. இழப்பு ஒரே தரப்பின்மீது குவிகிற இடத்தில் இதைத் தனியாக நம்பக் கூடாது.

## 2. ரால்ஸின் வேறுபாட்டுக் கொள்கை: கடைசியில் இருப்பவரை முதலில் பார்

அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-இல் கேட்டது இதுதான்: தான் எந்தக் குடும்பத்தில், எந்தத் திறமையோடு, எந்த நிலையில் பிறப்போம் என்று அறியாத ஓர் அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று மனிதர்கள் சமூகத்தின் விதிகளை வகுத்தால், எவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள்? அடிப்படைச் சுதந்திரங்கள் எல்லோருக்கும் சமம் என்பது முதலில். வாய்ப்புகளில் மெய்யான சமத்துவம் அடுத்து. அதற்கும் பிறகே, மிகப் பின்தங்கியவருக்கு நன்மை தரும் ஏற்றத்தாழ்வுகள் மட்டும் ஏற்கத்தக்கவை என்ற வேறுபாட்டுக் கொள்கை. வாளி எவ்வளவு ஒழுகினாலும், கடைசியில் இருப்பவருக்கு ஒரு துளி கூடுதலாகச் சேரும்வரை சுமக்க வேண்டும் என்பது இதன் விடை.

இழப்பவரிடம் காரணம் சொல்லும் வலிமை இதற்கு அதிகம். அதிக வரி கட்டும் ஒருவரிடம், ‘இந்த வரியை எடுக்காவிட்டால், உங்களைவிடப் பின்தங்கிய ஒருவர் இன்னும் கீழே இருந்திருப்பார்’ என்று சொல்ல முடிகிறது.

ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் நிற்பவர் இவ்வளவு அச்சத்தோடு முடிவெடுப்பார் என்பது உறுதியில்லை. யாராகவும் பிறக்கச் சமவாய்ப்பு உண்டு என்றால் சராசரி நலனை உயர்த்தும் விதியையே அவர் தேர்வார் என்று பொருளியலாளர் ஜான் ஹர்சானி 1950-களிலேயே வாதிட்டிருந்தார். நார்மன் ஃப்ரோலிக், ஜோ ஓப்பன்ஹைமர் ஆகியோர் 1980-களில் நடத்திய ஆய்வகச் சோதனைகளில், தங்கள் வருமானம் என்னவாகும் என்று தெரியாத சிறு குழுக்கள் கலந்துபேசி முடிவெடுத்தன. பெரும்பாலான குழுக்கள் ரால்ஸையும் தேரவில்லை, ஹர்சானியையும் தேரவில்லை. யாரும் விழக்கூடாத ஒரு கீழ்வரம்பை வைத்து, அதற்கு மேல் சராசரியை உயர்த்தும் விதியைத் தேர்ந்தன. இது எது சரி என்பதற்கான நிரூபணம் ஆகாது. மனிதர்கள் பேசி இணங்கும் இடம் எது என்பதற்கு மட்டும் சான்று.

இங்கே அடிக்கடி நிகழும் தவறான பயன்பாட்டையும் சொல்லியாக வேண்டும். ரால்ஸ் தமது கொள்கையைச் சமூகத்தின் அடிப்படைக் கட்டமைப்புக்காக வகுத்தார்: அரசியலமைப்பு, சொத்துரிமை, வரி, கல்வி ஆகியவை சேர்ந்து பல தலைமுறைகளை உருவாக்கும் விதம் அது. ஒரு மருத்துவமனையின் படுக்கைப் பங்கீட்டுக்கோ, ஒரு நிறுவனத்தின் ஊக்கத்தொகைக்கோ அதை அப்படியே பொருத்துவது அவர் சொன்னதல்ல. மேலும், சமூகத்தின் கூட்டுறவில் முழுமையாகப் பங்கேற்கக் கூடியவர்களையே அவர் கோட்பாடு முதலில் எடுத்துக்கொள்கிறது. கடுமையான ஊனத்தோடு வாழ்பவரின் தேவையைப் பின்னொரு கட்டத்துக்குத் தள்ளிவைக்கிறது. மிகப் பின்தங்கியவர் யார் என்பதை வருமானத்தால் மட்டும் கண்டால், அவர்கள் கண்ணுக்குத் தெரியாமலே போவார்கள்.

## 3. நோசிக்கின் உரித்துக் (உரிமைக்) கோட்பாடு: சொத்து வந்த வழியைக் கேள்

அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974-இல் வாதிட்டது: யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்து நியாயத்தைச் சொல்ல முடியாது, அது எப்படி வந்தது என்பதைப் பார்த்தே சொல்ல முடியும். முறையாகப் பெற்றதா, விருப்பத்தின் பேரில் கைமாறியதா, இடையில் அநீதி நடந்திருந்தால் திருத்தப்பட்டதா என்ற மூன்று கேள்விகளே போதும். உழைப்பில் வந்த வருமானத்தின்மீதான வரி கட்டாய உழைப்புக்கு இணையானது என்பது அவர் நிலைப்பாடு. உரியவர் இணங்காமல் வாளியைத் தூக்கவே கூடாது.

மற்ற நான்கும் கவனிக்காத ஒன்றை இது கவனிக்கிறது. ஊதியத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட முதலாளியிடம் தொழிலாளி கேட்பது நலத்திட்டத்தை அல்ல, தனக்குரியதை. ஏமாற்றிப் பறித்த நிலத்துக்கு உதவித்தொகை விடையாகாது. இத்தகைய வழக்குகளில் வரலாற்றைப் புறக்கணிக்கும் கோட்பாடு எதுவானாலும், பறிகொடுத்தவரைப் பயனாளியாக மாற்றிவிடுகிறது.

செலவு எங்கே? பரிமாற்றம் விருப்பத்தின் பேரில் நடந்தது என்று எப்போது சொல்வது? டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் காலை ஒரு கடை பனி அள்ளும் மண்வெட்டியின் விலையை 15 டாலரிலிருந்து 20 டாலராக உயர்த்துவதைக் கேட்கப்பட்டவர்களில் 82 விழுக்காட்டினர் நியாயமற்றது என்றனர். வாங்குபவர் விரும்பித்தான் வாங்குகிறார். ஆனால் மாற்று வழி அவருக்கு இல்லை. உயர்ந்த விலை, சரக்கு விரைவாக வந்துசேர உதவும் என்ற எதிர்வாதத்துக்கும் இடமுண்டு. சரக்கு வரச் சில நாள்களாவது ஆகும் இடத்தில் அந்த வாதம் வலுவிழக்கிறது, அதற்குள் கையில் பணமில்லாதவர் வெளியே நிற்கிறார்.

அடுத்த செலவு, திருத்தம் என்ற மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. பல தலைமுறைகளுக்கு முந்தைய பறிப்பை யார் ஆவணத்தோடு நிரூபிப்பது? பறிகொடுத்தவர்களிடம் பெரும்பாலும் பத்திரமே இருப்பதில்லை. இதை நோசிக்கும் உணர்ந்திருந்தார்: வரலாற்றுத் தகவல் போதாத இடத்தில், மிகப் பின்தங்கும் குழுவின் நிலையை உயர்த்தும்படி சமூகத்தை அமைப்பது ஒரு தோராயமான விதியாகலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். அதாவது அவருடைய கோட்பாட்டை இறுதிவரை பின்பற்றினாலும், சில சமூகங்களில் அது ரால்ஸின் வாசலுக்கு அருகில் கொண்டுவிடும். அவரை வரி எதிர்ப்புக்கு மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

## 4. அதிர்ஷ்டச் சமத்துவம்: தேர்வுக்குப் பொறுப்பு, விதிக்கு ஈடு

சட்ட மெய்யியலாளர் ரொனால்ட் டுவொர்கின் 1981-இல் வகுத்த வேறுபாட்டிலிருந்து வளர்ந்த கோட்பாடு இது. பிறவி நோய், பிறந்த குடும்பம் போலத் தானாக வந்துசேர்ந்த துரதிர்ஷ்டத்துக்குச் சமூகம் ஈடுகட்ட வேண்டும். தெரிந்தே எடுத்த இடர்களின் விளைவை அவரவர் ஏற்க வேண்டும். கேட்டவுடன் மனம் ஒப்புக்கொள்ளும் கருத்து. ஐந்தில் மிக எளிதாக வாக்குகளைப் பெறக்கூடியதும் இதுவே.

நடைமுறையில் இது கேட்கும் விலை கொடியது. உதவி கேட்டு வரும் ஒருவர், தம் வறுமை தம் குற்றமல்ல என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வேலை போனது ஏன், படிப்பு நின்றது ஏன், நோய் வந்தது பழக்கத்தாலா என்று அதிகாரி கேட்பார். தமக்குத் திறமை போதவில்லை என்பதை ஒருவர் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டால்தான் உதவி கிடைக்கும் என்ற நிலையை மெய்யியலாளர் ஜானதன் வுல்ஃப் 1998-இல் அவமானகரமான ஒப்புதல் என்று சுட்டினார். அடுத்த ஆண்டில் எலிசபெத் ஆண்டர்சன், இந்தக் கோட்பாடு தவறிழைத்தவரைக் கைவிடுகிறது, உதவி பெறுபவரை இரக்கத்துக்குரிய தாழ்ந்தவராக நடத்துகிறது என்று கடுமையாக விமர்சித்தார். சமத்துவத்தின் நோக்கம் மனிதர்கள் ஒருவருக்கொருவர் தலைநிமிர்ந்து நிற்பது என்றால், அந்த நோக்கத்தை உதவி மையத்தின் முதல் கேள்வியே உடைத்துவிடுகிறது.

இதனால் இந்தக் கோட்பாட்டைத் தூக்கியெறியத் தேவையில்லை. அதைத் திருப்பிப் பிடித்தால் போதும். தேர்வையும் அதிர்ஷ்டத்தையும் பிரிக்கும் கேள்வியை மேலே இருப்பவர்களிடம் கேட்கும்போது அது யாரையும் அவமானப்படுத்துவதில்லை. வாரிசுச் சொத்து, பக்கத்தில் பொதுச் செலவில் பாதை போட்டதால் தானாக ஏறிய மனை மதிப்பு, ஏகபோகத்தால் வந்த கூடுதல் லாபம் ஆகியவை பெற்றவரின் உழைப்பில் வந்தவையல்ல என்பதை அவருடைய உள்ளத்தைக் குடைந்து பார்க்காமலே, ஆவணங்களைக் கொண்டே காட்டலாம். எனவே வரியின் பக்கம் இது மிகச் சிறந்த வழிகாட்டி, உதவியின் பக்கம் மிக மோசமான வழிகாட்டி. இப்போது பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது: உதவி கேட்பவரின் வாழ்க்கை துருவப்படுகிறது, மரபுச் சொத்து கேள்வியின்றிக் கைமாறுகிறது.

## 5. இயலுமையும் போதுமையும்: ஒரு தளத்தை உறுதிசெய்

வருமானத்தையோ மனநிறைவையோ விட்டு, ஒருவரால் என்னவாக இருக்கவும் என்ன செய்யவும் இயல்கிறது என்பதை அளக்க வேண்டும் என்று பொருளியலாளர் அமர்த்திய சென் 1979-இல் ஆற்றிய உரையில் முன்மொழிந்தார். சக்கர நாற்காலியில் செல்பவரும் நடந்து செல்பவரும் ஒரே வருமானம் பெற்றாலும் ஒரே அளவு நடமாட்டம் பெறுவதில்லை. நெடுங்காலம் ஒடுக்கப்பட்டவர் கிடைத்ததைக் கொண்டு மனநிறைவு அடையப் பழகிவிடுவதால், அவருடைய நிறைவை அளந்து அவருக்குக் குறையில்லை என்று முடிவுகட்டுவதும் பிழை. 1990 முதல் வெளியாகும் ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடு, வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்ததில் இந்தச் சிந்தனைக்குப் பங்கு உண்டு. மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் 1987-இல் வேறொரு வழியில் அருகில் வந்தார்: எல்லோரிடமும் சமமாக இருப்பது முக்கியமல்ல, எல்லோரிடமும் போதுமான அளவு இருப்பதே முக்கியம் என்றார்.

இரண்டையும் இணைத்தால் கிடைப்பது, உடல்நலம், கல்வி, நடமாட்டம், அவமதிப்பில்லாத வாழ்வு ஆகியவற்றில் யாரும் கீழே விழாத ஒரு தளம். வாளியின் ஒழுகலை இது தளத்துக்குக் கீழே கண்டுகொள்ளாது. தளத்துக்கு மேலே அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

செலவுகள் உண்டு. பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதை யார் முடிவுசெய்வது என்ற கேள்வியைச் சென் வேண்டுமென்றே பொது விவாதத்துக்கு விட்டுவிட்டார். தளத்தைக் கோடாக வரைந்து, கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதையே இலக்காக்கினால், கோட்டை ஒட்டி நிற்பவர்களைச் சற்றே தூக்கிவிட்டு வெற்றி என்று அறிவித்துவிடலாம். ஆழத்தில் கிடப்பவர் அப்படியே இருப்பார். வறுமையின் ஆழத்தையும் சேர்த்து அளக்கும் குறியீட்டை 1976-இல் சென் உருவாக்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். தளத்துக்கு மேலே செல்வம் எவ்வளவு குவிந்தாலும் பரவாயில்லை என்ற போதுமைவாதியின் நிம்மதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குவிந்த செல்வம் சட்டம் இயற்றும் இடம்வரை செல்கிறது, பிறகு தளத்தையே தாழ்த்துகிறது.

## ஒரே பார்வையில்

| கோட்பாடு | எதை அளக்கிறது | யாருடைய இழப்பை ஏற்கிறது | ஆதாரச் சுமை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| பயன்பாட்டுவாதம் | மொத்த நலன் | கணக்கில் சிறுபான்மையானவர் | ஆய்வாளர்மீது. குரலற்றவர் கணக்கில் விடுபடலாம் | பரவலான, மாறிமாறி வரும் சிறு இழப்புகள் |
| வேறுபாட்டுக் கொள்கை | பின்தங்கியவரின் வாழ்நாள் வாய்ப்பு | மேலே உள்ளவர் | அரசின்மீது | வரி, கல்வி, வாரிசுரிமைக் கட்டமைப்பு |
| உரித்துக் கோட்பாடு | சொத்து வந்த வழி | வாங்க வழியற்றவர் | பறிகொடுத்தவர்மீது | ஊதியத் திருட்டு, மோசடி, நிலப் பறிப்பு |
| அதிர்ஷ்டச் சமத்துவம் | தேர்வும் விதியும் | தவறாகத் தேர்ந்தவர் | உதவி கேட்பவர்மீது | ஈட்டாத ஆதாயத்தின்மீதான வரி |
| இயலுமை, போதுமை | செய்ய இயல்வது | தளத்துக்குச் சற்று மேலே நிற்பவர் | அரசின்மீதும் பொது விவாதத்தின்மீதும் | உடல்நலம், கல்வி, அடிப்படைச் சேவைகள் |

## முடிவெடுக்கும் வரிசை

ஒரே கோட்பாட்டை எல்லா முடிவுகளுக்கும் பொருத்துவதைவிட, அவற்றை வரிசையாகக் கேட்பது நல்லது. முதலில், இது பறிக்கப்பட்டதைத் திருப்பித் தரும் விஷயமா என்று பாருங்கள். ஆம் என்றால் உரித்துக் கோட்பாடு முன்னே வரட்டும், ஆவணமில்லாத இடத்தில் நிரூபிக்கும் சுமையை இப்போது சொத்து வைத்திருப்பவர்மீது மாற்றுங்கள். அடுத்து, யாராவது தளத்துக்குக் கீழே இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவர் ஏன் அங்கே விழுந்தார் என்று கேட்காமல் உயர்த்துங்கள். மிஞ்சியதற்கு எடையிட்ட பயன்பாட்டுக் கணக்கு போதும். இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய பணத்தை, ஈட்டாத ஆதாயத்திலிருந்து தொடங்கித் திரட்டுங்கள்.

மருத்துவ நிதிக் கேள்விக்கு, கலப்பு வழி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனில் புதிய சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு, தரத்தோடு கூடிய ஓர் ஆயுள் ஆண்டுக்கு (முழு உடல்நலத்தோடு வாழும் ஓராண்டுக்குச் சமமான பயனுக்கு) நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டு வரை என்ற வரம்பை வைத்துப் பயன்பாட்டுக் கணக்கையே பின்பற்றியது. 2022-இல், மிகக் கடுமையான நோய்களுக்கு அந்தப் பயனை 1.2 அல்லது 1.7 மடங்காகக் கணக்கிடும் விதியைச் சேர்த்தது. மோசமான நிலையில் உள்ளவருக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் அது எல்லையற்றதல்ல என்பதை இப்படி எண்ணாக எழுதிவைத்தால், இழப்பவரும் அந்த எண்ணைக் கேள்வி கேட்க முடிகிறது.

எல்லோருக்குமான உதவியா, தகுதி பார்த்தா என்பதில் பிழைகள் இருவகை: தேவையில்லாதவருக்குப் போவது ஒன்று, தேவைப்படுபவருக்குப் போகாதது மற்றொன்று. முதல் பிழையை வருமான வரி மூலம் அதே ஆண்டிலேயே பெரும்பாலும் திரும்பப் பெறலாம். இரண்டாவது பிழையில் ஒரு குழந்தை சாப்பிடாமல் கழித்த மாதங்களைத் திருப்பித் தர எந்தக் கருவியும் இல்லை. ஆகவே வரி நிர்வாகம் ஓரளவேனும் இயங்கும் நாட்டில், உணவு, பள்ளி, அடிப்படை மருத்துவம் ஆகியவற்றை எல்லோருக்கும் தருவதே என் தேர்வு. வரி வலை மிகச் சிறியதாக உள்ள நாட்டில் அப்படித் தர நிதி போதாமல் போகலாம். அப்போதும் ஒவ்வொருவரின் வாழ்க்கையையும் துருவும் சோதனைக்குப் பதிலாக, வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, வசிக்கும் பகுதி போன்ற வெளிப்படையான அடையாளங்களைக் கொண்டு தேர்ந்தெடுத்து, விடுபட்டவர்கள் முறையிட ஒரு வழியையும் திறந்து வைக்க வேண்டும்.